இருமையைக் குறிக்கும் வடசொற்கள்: சேலத்து வாசிப்பு வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாபேட்டையில் ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் சிறு வாசிப்பு வட்டத்திற்குச் சைவ சித்தாந்தம் பயின்றவர்களும், கீதை வகுப்புக்குச் செல்பவர்களும், யோகப் பயிற்சியின் வழியாகப் பதஞ்சலியின் சூத்திரங்களை அறிந்தவர்களும் வருகிறார்கள். மூன்று தரப்பினரும் 'இருமை' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்திக்கொண்டு மூன்று வெவ்வேறு பொருள்களைக் கருதுவதால், பல மாலைகளில் ஒருவர் மறுக்காததை மற்றவர் நிலைநாட்ட முயன்றுகொண்டிருப்பார். அங்கே திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளையும், மூலநூல்களைப் பார்த்து நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இருமை என்பதற்கு வடமொழியில் ஒரே சொல் கிடையாதா?

கிடையாது. குறைந்தது நான்கு சொற்களைப் பிரித்து அறிய வேண்டும். துவைதம் என்பது இரண்டாக இருக்கும் தன்மை; உள்ள பொருள் ஒன்றா, இரண்டா என்று கேட்கும் இடத்தில் இச்சொல் வரும். துவந்துவம் என்பது இணையாக வரும் எதிர்நிலைகள். வெப்பமும் குளிரும், இன்பமும் துன்பமும் போன்றவை. துவயம் என்பது இரட்டை. காண்பான், காணப்படுவது என அறிவு இரு கூறாகப் பிளந்து நிற்பதைச் சொல்லப் பௌத்தர்கள் இதை மிகுதியாக எடுத்தாண்டார்கள். பேதம் என்பது வேறுபாடு; இங்கே எண்ணிக்கை முக்கியமில்லை, ஒன்று மற்றொன்று அன்று என்பதே முக்கியம்.

ஆகவே 'இருமை உண்டா, இல்லையா' என்று யாரேனும் கேட்டால், 'எந்த இரண்டைச் சொல்கிறீர்கள்' என்று முதலில் திருப்பிக் கேட்பது என் வழக்கம். உயிரும் இறையுமா, உயிரும் உலகமுமா, சுகமும் துக்கமுமா, அறிபவனும் அறியப்படுவதுமா என்பது தெளிவாகும் வரை எந்த ஆசாரியரின் விடையும் நமக்குப் பயன்படாது.

துவைதம் என்ற சொல் எப்படிப் பிறந்தது? மிகப் பழைய ஆட்சி எது?

வேர் 'த்வி', அதாவது இரண்டு. இரண்டாகச் சென்றது 'துவீதம்', அதன் தன்மை 'துவைதம்' என்று மரபான உரைகள் பிரித்துக் காட்டுகின்றன.

பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயியிடம் பேசும் பகுதியில் இச்சொல் வருகிறது. எங்கே இரண்டு இருப்பது போல இருக்கிறதோ, அங்கே ஒருவன் மற்றொன்றைக் காண்கிறான், மற்றொன்றை முகர்கிறான், மற்றொன்றைக் கேட்கிறான். எல்லாம் ஆன்மாவே ஆகிவிட்ட இடத்தில் எதனால் எதைக் காண்பது என்பது அவர் கேள்வி. மூலத்தில் 'த்வைதம் இவ' என்று இருக்கிறது. 'இவ' என்றால் 'போல'. இந்தச் சிறிய உவம உருபின் மீது சங்கரர் மரபு மிகுந்த பாரத்தை வைத்தது: இரண்டு 'இருக்கிறது' என்று உபநிடதம் சொல்லவில்லை, 'இருப்பது போல' என்றுதான் சொல்கிறது என்று வாதிட்டது. அதே உபநிடதத்தின் முற்பகுதியில், இரண்டாவதிலிருந்துதான் அச்சம் உண்டாகிறது என்ற வாசகமும் உண்டு. அங்கே வருவது துவைதம் அன்று, 'த்விதீயம்', இரண்டாவது. தனியாக இருந்த ஆதிபுருஷன் அஞ்சினான், பிறகு, 'என்னைத் தவிர வேறொன்று இல்லையே, எதற்கு அஞ்சுகிறேன்' என்று எண்ணினான், அச்சம் நீங்கியது. தத்துவ விளக்கம் எதுவும் இல்லாமலே இந்த வரி மனத்தைத் தொடுகிறது.

சாந்தோக்கியத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்லும் 'ஏகம் ஏவ அத்விதீயம்' (ஒன்றே, இரண்டாவது அற்றது) என்ற தொடரிலும் இருப்பது 'அத்விதீயம்' தான். 'அத்வைதம்' என்ற வடிவம் மாண்டூக்கியத்தின் ஏழாம் மந்திரத்தில் 'சாந்தம், சிவம், அத்வைதம்' என்று வருகிறது. அந்த உபநிடதத்திற்குக் காரிகை, அதாவது செய்யுள் விளக்கம், எழுதிய கௌடபாதர், இந்தத் துவைதம் மாயை மாத்திரம், உண்மையில் இருப்பது அத்வைதம் என்று ஒரே வரியில் தம் நிலையைச் சொல்லிவிட்டார்.

'துவ' என்று தொடங்கும் சொற்கள் எல்லாம் இரண்டைக் குறிப்பவையா?

இல்லை. தமிழில் சொல்லுக்கு முதலில் மெய்ம்மயக்கம் வராது என்பதால் 'த்வ', 'த்⁠ஹ்வ' என்ற இரு வேறு ஒலித்தொடக்கங்களும் 'துவ' என்றே எழுதப்படுகின்றன. துவஜம் (கொடி), துவம்சம் (அழிவு), துவனி (ஒலி) ஆகியவை மூச்சொலியுடன் தொடங்கும் வேறு சொற்கள். 'இரண்டு' என்ற எண்ணுக்கும் அவற்றுக்கும் உறவில்லை. துவாரம் என்பது வாயிலைக் குறிக்கும் தனிச் சொல். மாறாக, பஞ்சாங்கத்தில் நாம் பார்க்கும் துவிதியை, துவாதசி இரண்டும் 'த்வி' வழி வந்தவையே. துவாதசி என்பது இரண்டும் பத்தும். துவாபர யுகத்தின் பெயர் சூதாட்டக் காயில் இரண்டு விழுவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது.

துவேஷம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டாகப் பார்ப்பதால் வரும் வெறுப்பு என்று சொற்பொழிவுகளில் விளக்குவது உண்டு. கேட்க நன்றாக இருந்தாலும், இலக்கணப்படி அது வெறுத்தல் என்னும் பொருளுடைய 'த்விஷ்' என்ற வினைப்பகுதியிலிருந்து வந்த சொல். அந்த விளக்கத்தைக் கருத்தாக ஏற்கலாம். சொற்பிறப்பாக ஏற்க வேண்டாம்.

இன்னொரு பொறியும் உண்டு. திருமந்திரத்தில் வரும் 'தொந்தத்தசி'யைப் பார்த்ததும், துவந்துவத்தின் தமிழ் வடிவமாகிய 'தொந்தம்' நினைவுக்கு வரும். ஆனால் அது 'த்வம், தத், அசி' என்ற மூன்று சொற்களின் சேர்க்கை. நீ, அது, ஆகிறாய் என்பதன் சுருக்கம். தொம்பதம், தற்பதம், அசிபதம் என்று தமிழ் வேதாந்த நூல்கள் பிரிப்பது இதைத்தான்.

துவந்துவம் இலக்கணச் சொல்லா, தத்துவச் சொல்லா?

இரண்டும். 'இரண்டு இரண்டு' என்று எண்ணை இரட்டித்ததால் உண்டான சொல் இது. இணை, தம்பதி, இருவர் தனித்து நின்று செய்யும் போர் எனப் பல பொருள்கள் அதற்கு உண்டு. பாணினி 'சார்த்தே த்வந்த்வ:' என்று சூத்திரம் செய்தார். 'உம்' என்னும் பொருள்பட இணையும் தொகை துவந்துவம் என்பது இதன் கருத்து. தமிழில் கபிலபரணர் என்பதை உம்மைத்தொகை என்கிறோமே, அதற்கு நேரானது. கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன், தொகைகளுள் தான் துவந்துவம் என்று சொல்லும்போது கருதுவது இந்த இலக்கணத் தொகையையே.

தமிழ் வழி வருபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் ஒருமை, பன்மை என இரண்டே எண்கள். வடமொழியிலோ ஏகவசனம், துவிவசனம், பகுவசனம் என மூன்று. இரு கண்கள், இரு கைகள், அசுவினி தேவர் இருவர் என்று எது இரண்டாக இருந்தாலும் பெயருக்கும் வினைக்கும் தனி ஈறு வரும். 'பிதரௌ' என்ற ஒரு சொல், தந்தை என்பதன் துவிவசனமாக நின்று, தாயையும் தந்தையையும் சேர்த்துக் குறிக்கும். ரகுவம்சத்தின் முதல் பாடலில் காளிதாசர், சொல்லும் பொருளும் போலப் பிரியாது கலந்திருக்கும் பார்வதி பரமேசுவரரை 'உலகின் பிதரௌ' என்று வணங்குகிறார்; அப்பாட்டின் உயிர் அந்தத் துவிவசன ஈறுகளில் இருக்கிறது. இரண்டை எண்ணுவதற்கென்றே ஈறுகளை வைத்திருந்த மொழியில் இரண்டைப் பற்றிய தத்துவ விசாரம் இவ்வளவு நுட்பமாக வளர்ந்தது எனக்கு வியப்பளிக்கவில்லை.

கீதை சொல்லும் 'நிர்த்துவந்துவன்' அத்வைதியா?

இக்கேள்விதான் எங்கள் வட்டத்தில் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது. விடை, அப்படி இருக்க வேண்டியதில்லை என்பதே.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், புலன்களின் தொடர்புகள் குளிரையும் வெப்பத்தையும், இன்பத்தையும் துன்பத்தையும் தருகின்றன, அவை வந்து போகின்றன, நிலையற்றவை, அவற்றைப் பொறுத்துக்கொள் என்று கண்ணன் சொல்கிறான். 'சீதோஷ்ணம்' என்ற தொகையைச் சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. கோடையில் நகரில் வேர்த்து விறுவிறுத்துப் பேருந்தில் ஏறும் ஒருவர், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டு ஏரிக்கரையில் மாலையில் இறங்கும்போது சால்வையைத் தேடுகிறார். வெப்பமும் பொய்யில்லை, குளிரும் பொய்யில்லை. அவை வந்து போகின்றன என்பதும், இரண்டிலும் நிலைகுலையாமல் இருக்கலாம் என்பதும்தான் சுலோகத்தின் செய்தி. 'இவை இல்லை' என்று அங்கே சொல்லப்படவில்லை. 'திதிக்ஷஸ்வ', பொறுத்துக்கொள் என்றே சொல்லப்படுகிறது.

அதே அத்தியாயத்தில் 'நிர்த்வந்த்வன் ஆகுக' என்றும், நான்காவதில் 'துவந்துவங்களைக் கடந்தவன்' என்றும், பதினைந்தாவதில் 'சுகம், துக்கம் எனப் பெயர் பெற்ற துவந்துவங்களிலிருந்து விடுபட்டவர்கள்' என்றும் வருகிறது. ஏழாவதில் இன்னும் ஆழமாக, விருப்பு வெறுப்பிலிருந்து எழும் 'துவந்துவ மோகம்' என்று நோயின் மூலமே காட்டப்படுகிறது. பதஞ்சலியும் ஆசனம் கைகூடியவனைத் துவந்துவங்கள் தாக்குவதில்லை என்று இரண்டாம் பாதத்தில் சொல்கிறார். பதஞ்சலியின் தத்துவமோ புருஷன் (அறிவுள்ள உயிர்) வேறு, பிரகிருதி (அறிவற்ற மூலப்பொருள்) வேறு என்பது. அவருடைய யோகி துவந்துவங்களைக் கடந்தபின்னும் இரண்டு மெய்ப்பொருள்கள் இருந்துகொண்டே இருக்கின்றன. மத்வரைப் பின்பற்றும் துவைதியும் நிர்த்துவந்துவனாக வேண்டியவரே. துவந்துவத்தைக் கடப்பது சாதகனின் மனநிலையைப் பற்றியது. துவைதத்தை மறுப்பது உள்ளதன் இயல்பைப் பற்றியது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டால் கீதைக்கு உரை எழுதிய சங்கரர், இராமானுசர், மத்வர் மூவரும் இந்தச் சுலோகங்களில் ஏறக்குறைய ஒத்துப்போவதும், வேறிடங்களில் முற்றிலும் பிரிவதும் புரியாமலே போய்விடும்.

சைவ சித்தாந்தம் பயின்றவர்கள் இதை 'இருவினையொப்பு' என்ற தங்கள் சொல்லோடு வைத்துப் பார்க்கலாம். நல்வினையின் பயனையும் தீவினையின் பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஒன்றுபோல நோக்கும் நிலை அது. கீதையின் 'சமத்துவம்' அதற்கு மிக அருகில் நிற்கிறது. இருவினையொப்பு வந்த பின்னும் சித்தாந்தத்தில் பதியாகிய இறையும் பசுவாகிய உயிரும் இரு பொருள்களே.

அத்வைதம் என்றால் 'ஒன்று' என்றுதானே பொருள்?

சொல்லை மட்டும் பார்த்தால் 'ஒன்று' என்று அது சொல்லவில்லை; இரண்டை மறுக்கிறது. ஒன்று என்று சொல்ல 'ஏகத்துவம்', 'ஐக்கியம்' போன்ற சொற்கள் இருக்க, எதிர்மறையில் ஏன் பெயர் வைத்தார்கள் என்று கேட்பது நியாயமானது. எண் என்பதே பலவற்றுள் ஒன்றைப் பிரிக்கப் பயன்படுவது. எண்ணுக்கு அப்பாற்பட்டதை 'ஒன்று' என்று எண்ணிவிடாமல், 'இரண்டல்ல' என்று விலக்கிக் காட்டுவது பொருத்தம் என்பது அத்வைத மரபின் விளக்கம்.

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரத்தில் 'அத்துவிதம்' என்ற சொல்லையே எடுத்து ஆராய்ந்தார். அத்துவிதம் என்பதற்கு ஏகம் என்று பொருள் கொண்டால், 'ஏகம்' என்று சுட்டிச் சொல்ல ஒருவர் வேண்டுமே. சுட்டுபவர் ஒருவர் இருக்கும்போது அது எப்படி ஏகமாகும் என்று கேட்டார். அத்துவிதம் என்ற சொல்லே 'அந்நிய நாத்தி'யை, அதாவது அயன்மை இன்மையை உணர்த்துகிறது என்பது அவர் முடிபு. இரண்டு பொருள் இல்லை என்பது அன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று அயலாக நிற்கவில்லை என்பது.

இந்த வாதத்தின் அடியில் இருப்பது 'அ' என்ற முன்னொட்டின் இலக்கணம். அது ஒரே பொருளில் வருவதில்லை. அமலன் என்றால் மலம் இல்லாதவன். அங்கே 'அ' இன்மையைக் காட்டுகிறது. அதர்மம் என்பது தர்மம் இல்லாத வெறுமை அன்று, தர்மத்திற்கு எதிரானது, அங்கே மறுதலை. அநேகம் என்றால் 'ஒன்றுகூட இல்லை' என்று எவரும் கொள்வதில்லை, 'ஒன்று அல்லாதது, பல' என்று கொள்கிறோம், அங்கே அன்மை. எண்ணுப் பெயரோடு வரும் 'அ' அன்மையையே தரும் என்றால், அத்துவிதம் என்பதும் 'இரண்டு இன்மை' ஆகாமல் 'இரண்டு அன்மை' ஆகிறது. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர், சிவஞானபோதத்திற்கு எழுதிய பேருரையாகிய தம் மாபாடியத்தில் இந்த இன்மை, அன்மை, மறுதலை என்ற மூன்றையும் மிக விரிவாக ஆராய்ந்தார். அப்பகுதியைப் படிக்கும்போது தத்துவமும் இலக்கணமும் ஒரே மூச்சில் நடப்பதைப் பார்க்கலாம். தமிழில் தர்க்கம் இல்லை என்று எண்ணும் இளைஞர்களிடம் நான் முதலில் திறந்து காட்டும் பக்கங்கள் அவை.

இந்த வகையில் பார்த்தால், சித்தாந்தி தம்மை 'சுத்தாத்துவிதி' என்று சொல்லிக்கொள்வதில் முரண் இல்லை. கலப்பினால் ஒன்றாய், பொருளால் வேறாய், உயிருக்கு உயிராய் நின்று இயக்குவதால் உடனாய் நிற்கும் உறவுக்கு அவர்கள் இட்ட பெயர் அத்துவிதம். வல்லபர் வடக்கே நிறுவிய மரபுக்கும் 'சுத்தாத்வைதம்' என்றே பெயர். அது மாயையின் தொடர்பற்ற தூய அத்வைதம் என்ற பொருளில் வருவது. பெயர் ஒன்றாக இருந்தாலும் கொள்கைகள் வேறு.

பேதம் என்ற சொல்லில் வகைகள் உண்டா?

உண்டு, இவ்வகைகளை அறிந்தால் இராமானுசருக்கும் சங்கரருக்கும் உள்ள வேறுபாடு ஒரு வரியில் விளங்கிவிடும். பேதம் மூன்று என்பார்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே காப்பிச் செடியில் இலை வேறு, வெள்ளைப் பூ வேறு, சிவந்த பழம் வேறு. இது ஒரு பொருளுக்கு உள்ளேயே இருக்கும் வேறுபாடு, 'சுவகத பேதம்'. அந்தச் செடிக்கும் அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்திற்கும் உள்ள வேறுபாடு தாவரம் என்ற ஓரினத்துக்குள் இருப்பது, 'சஜாதீய பேதம்'. செடிக்கும் அதன் அடியில் கிடக்கும் பாறைக்கும் உள்ளது வேற்றினத்தோடு உள்ள வேறுபாடு, 'விஜாதீய பேதம்'.

14ஆம் நூற்றாண்டின் வித்யாரண்யர், சாந்தோக்கியத்தின் 'ஏகம் ஏவ அத்விதீயம்' என்ற மூன்று சொற்களும் இந்த மூன்று பேதங்களையும் முறையே மறுக்கின்றன என்று பஞ்சதசியில் விளக்கினார். பிரம்மத்திற்கு உறுப்பும் இல்லை, ஓரினமும் இல்லை, வேற்றினமும் இல்லை. இராமானுசர் மரபு கடைசி இரண்டை மறுத்து, முதலாவதை ஏற்கிறது: உயிர்களும் உலகமும் பிரம்மத்தின் உடலாக, அதனுள் அடங்கி, வேறுபாட்டோடு இருக்கின்றன. அவற்றால் சிறப்பிக்கப்பட்ட பிரம்மம் ஒன்றே என்பதால் விசிஷ்டாத்வைதம். 'விசிஷ்ட' என்பதைச் 'சிறப்பான அத்வைதம்' என்று புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். அது பிழை; 'அடைகொண்டதன் அத்வைதம்' என்பதே பொருள்.

பேதாபேதம் என்பது இரண்டு கட்சிக்கும் நடுவில் செய்துகொண்ட சமரசமா?

அப்படிச் சொல்வது அந்த ஆசாரியர்களுக்கு நீதி செய்யாது. வேறுபாடும் வேறின்மையும் ஒரே உறவில் சேர்ந்தே இருக்கின்றன என்பது அவர்கள் நிலை. பாஸ்கரர் அந்த வேறுபாடு உபாதியால், அதாவது மேலே வந்து சேரும் வரம்பால், வருவது என்றார். நிம்பார்க்கர் அது இயல்பானதே என்றார், அவருடைய மரபைத் துவைதாத்வைதம் என்பார்கள். சைதன்யரின் வங்காள வைணவ மரபு, அந்த உறவு சிந்தனைக்கு எட்டாதது என்று 'அசிந்திய பேதாபேதம்' எனப் பெயரிட்டது.

14ஆம் நூற்றாண்டின் உமாபதி சிவாசாரியார் சிவப்பிரகாசத்தின் தொடக்கத்தில் மூன்று நிலைகளுக்கும் மூன்று உவமைகளைச் சொல்லி மூன்றையும் விலக்குகிறார். பொன்னும் அணியும் போல் அபேதம் இல்லை. இருளும் வெளியும் போல் பேதம் இல்லை. சொல்லும் பொருளும் போல் பேதாபேதமும் இல்லை. முதல் உவமையைச் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் எங்கள் உறுப்பினர் ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார்: கொலுசை உருக்கினால் வெள்ளி மட்டும் மிஞ்சும், கொலுசு என்ற தனிப்பொருள் எங்கும் போய்ச் சேராது. உயிரை அப்படி உருக்கிவிட முடியாது என்பதே உமாபதியின் மறுப்பு. அவர் ஏற்கும் உவமைகள் உடலும் உயிரும், கண்ணும் கதிரவனும், அறிவும் கண்ணொளியும். ஒன்றாதல், வேறாதல், உடனாதல் மூன்றுக்கும் முறையே அவை பொருந்துகின்றன. காளிதாசருக்குப் பிரியாமையின் சிகரமாக இருந்த சொல்லும் பொருளும், உமாபதிக்குப் போதாத உவமை ஆகிவிட்டதைக் கவனியுங்கள்.

துவைத மரபினர் தம் கொள்கையை இப்பெயரால்தான் அழைத்தார்களா? 'தத் த்வம் அசி'யை எப்படி எதிர்கொண்டார்கள்?

உடுப்பியின் மத்வாசாரியர் வழியினர் தங்கள் கொள்கையைத் 'தத்துவவாதம்' என்றே சொல்லிக்கொள்ள விரும்புகிறார்கள். காரணம் புரிந்துகொள்ளத் தக்கது: அவர்கள் சொல்வது இரண்டே பொருள்கள் உண்டு என்பதன்று. ஐந்து வேறுபாடுகளை, 'பஞ்ச பேத'த்தைச் சொல்கிறார்கள். இறைக்கும் உயிருக்கும், இறைக்கும் சடத்துக்கும் (அறிவற்ற பொருளுக்கும்), உயிருக்கும் உயிருக்கும், உயிருக்கும் சடத்துக்கும், சடத்துக்கும் சடத்துக்கும் உள்ள வேறுபாடுகள் என்றும் மெய் என்பது அவர்கள் கொள்கை. தன் சார்பில் நிற்பது, பிறிதின் சார்பில் நிற்பது என்று உள்ளவற்றை அவர்கள் பகுப்பதும் உண்டு: சுவதந்திரம், பரதந்திரம். திருமால் ஒருவரே சுவதந்திரர். சேலத்தில் ராகவேந்திரர் மடத்திற்குச் செல்லும் குடும்பங்கள் பல உண்டு. துவைதம் என்றால் இரண்டு கடவுளா என்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்பதாக ஒரு தாயார் சொன்னார். இல்லை, கடவுள் ஒருவரே. ஒருவராக இருப்பதால்தான் மற்ற எதுவும் அவர் ஆகாது என்பது அவர்கள் வாதம்.

உத்தாலகர் சுவேதகேதுவிடம் ஒன்பது முறை சொல்லும் 'ஸ ஆத்மா தத் த்வம் அஸி' என்ற வாக்கியத்தில், 'ஆத்மா' என்பதன் ஈற்று நெடிலுக்குள் ஓர் 'அ' புணர்ந்து மறைந்திருக்கிறது என்று மத்வர் பிரித்தார். அப்போது அது 'அதத் த்வம் அஸி', 'நீ அது அல்லை' என்றாகிறது. புணர்ச்சி இலக்கணப்படி அப்படிப் பிரிக்க இடமுண்டு. மற்ற மரபினர் அதை ஏற்கவில்லை. மெய்கண்டார் வாழ்ந்த அதே 13ஆம் நூற்றாண்டில் மத்வரும் வாழ்ந்தார். ஒருவர் வெளிப்படையாக இருந்த 'அ'வுக்குப் புதிய பொருள் கண்டார். மற்றவர் எவரும் காணாத இடத்தில் 'அ'வையே கண்டார்.

பௌத்தர்களின் 'அத்வயம்' வேறா?

வேறு. அமரகோசம் என்ற வடமொழி நிகண்டு புத்தரின் பெயர்களுள் ஒன்றாக 'அத்வயவாதி' என்பதைத் தருகிறது. அத்வைதம் இரண்டாவது இல்லாத மெய்ப்பொருளைக் குறிக்க, மகாயான நூல்களில் அத்வயம் பெரும்பாலும் உண்டு, இல்லை என்ற இரு முனைகளில் எதிலும் விழாமையையோ, பற்றப்படுவது, பற்றுவது என்ற பிளவு ஓய்வதையோ குறிக்கிறது. அங்கே மிஞ்சும் 'ஒன்று' எதுவும் நிலைநாட்டப்படுவதில்லை. விமலகீர்த்தி நிர்தேசம் என்ற மகாயான நூலில் போதிசத்துவர்கள் ஒவ்வொருவராக அத்வயத்திற்கு விளக்கம் சொல்லி முடித்த பின், விமலகீர்த்தி ஒன்றும் பேசாமல் இருக்கிறார். அந்த மௌனத்தை மஞ்சுசிரீ பாராட்டுகிறார். கௌடபாதர் தம் காரிகையில் அத்வைதம், அத்வயம் என்ற இரு சொற்களையுமே ஆள்வதால் இவ்விரண்டு மரபுகளும் ஒன்றையொன்று நன்கு அறிந்திருந்தன என்பது தெரிகிறது.

சேலம் மாவட்டத்திற்குப் பௌத்தம் அயலானதன்று. ஆத்தூர் அருகே தியாகனூரில் புத்தர் சிலைகள் இருக்கின்றன. நகரில் தலைவெட்டி முனியப்பனாக வழிபடப்பட்ட சிலை புத்தருடையது என்று தொல்லியல் துறையின் ஆய்வை ஏற்றுச் சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் கூறியது.

சாங்கியத்தைத் துவைதம் என்று சொல்லலாமா?

பொருளளவில் சொல்லலாம், புருஷன், பிரகிருதி என்ற இரண்டையும் அது அடிப்படையாகக் கொள்கிறது. ஆனால் புருஷர்கள் பலர் என்பதும் சாங்கியத்தின் கொள்கை. வேதாந்தத்தின் 'துவைதம்' கடவுளையும் உயிரையும் பற்றியது. சாங்கிய காரிகை கடவுளைப் பேசவே இல்லை. ஒரே பெயரால் இரண்டையும் சுட்டினால் குழப்பமே மிஞ்சும்.

அர்த்தநாரீசுவரர் வடிவம் துவந்துவமா, அத்வைதமா?

1997இல் நாமக்கல் மாவட்டம் பிரியும் வரை சேலம் மாவட்டத்தில் இருந்த திருச்செங்கோட்டு மலைக் கோயிலுக்குச் சென்று வருபவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. இரண்டும் பொருந்தாது என்பது என் கருத்து. தத்துவச் சொல்லாக வரும் துவந்துவத்தில் எதிர்மை உண்டு. அம்மையப்பருக்கு இடையில் எதிர்மை இல்லை. இத்தகைய இணைக்கு வடமொழியில் மிதுனம், யுகளம், யாமளம் என்ற சொற்கள் தனியே இருக்கின்றன. சேர்வராயன் மலையுச்சிக் குகைக் கோயிலில் மலைவாழ் மக்கள் வழிபடும் சேர்வராயனும் காவேரி அம்மனும், மலையும் ஆறுமாக நிற்கும் இணை. அதை எதிர்நிலை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். சைவ நூல்கள் சிவத்துக்கும் சத்திக்கும் உள்ள உறவைத் 'தாதான்மியம்' என்கின்றன; ஒரு பொருளே இருதன்மைப்பட்டு நிற்பது, கதிரவனும் அதன் ஒளியும் போல. உயிருக்கும் இறைக்கும் உள்ள அத்துவிதத்தையும் இதையும் வேறாகவே வைத்துப் படிக்க வேண்டும்.

தறி நெய்யும் ஓர் அன்பர், பாவும் ஊடையும் எந்த வகை இரண்டு என்று கேட்டார். உபநிடதத்திலேயே அதற்குச் சொல் உண்டு. பிருகதாரண்யகத்தில் கார்க்கி யாக்ஞவல்கியரிடம், இவையெல்லாம் எதில் 'ஓதமாகவும் ப்ரோதமாகவும்', அதாவது பாவும் ஊடையுமாக, நெய்யப்பட்டிருக்கின்றன என்று கேட்கிறாள். பாவும் ஊடையும் தனித்தனி இழைகள்தாம், சேலை ஒன்றுதான்.

தமிழில் எந்தச் சொல்லை எழுதுவது நல்லது?

துவந்துவத்திற்கு 'இரட்டைகள்' அல்லது 'எதிர்நிலை இணைகள்' போதும். பேதத்திற்கு 'வேறுபாடு' என்று எழுதுங்கள். 'வேற்றுமை' எழுதினால் இலக்கணம் படித்தவர்கள் ஐ, ஆல், கு என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். துவைதம், அத்துவிதம் இரண்டையும் மொழிபெயர்க்காமல் விடுவதையே நான் விரும்புகிறேன். 'இருமை' என்பதற்குத் தமிழில் சொந்தப் பொருள் ஒன்று முன்பே இருக்கிறது. 'இருமை வகைதெரிந்து ஈண்டுஅறம் பூண்டார்' என்ற குறளில் அது பிறப்பு, வீடு என்ற இரண்டைக் குறிப்பதாகப் பரிமேலழகர் உரை கொள்கிறது. அங்கே இருமை மறுக்க வேண்டியதன்று, வகை தெரிய வேண்டியது.

இரு பறவைகள் மந்திரம் எந்தக் கட்சிக்குச் சான்று?

சேலம் சுகவனேசுவரர் கோயிலில், கிளிகளின் வனம் என்னும் பெயரைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கல்லூரி மாணவி இதைக் கேட்டார். ரிக்வேதத்தில் தோன்றி, முண்டகம் முதலிய உபநிடதங்களில் மீண்டும் வரும் மந்திரம் அது. இணைபிரியாத் தோழர்களாகிய இரு பறவைகள் ஒரே மரத்தைத் தழுவி இருக்கின்றன. ஒன்று இனிய கனியை உண்கிறது, மற்றொன்று உண்ணாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. 'த்வா ஸுபர்ணா ஸயுஜா ஸகாயா' என்ற நான்கு சொற்களும் துவிவசனம். பிற்கால வடமொழியில் 'த்வௌ ஸுபர்ணௌ' என்று வரவேண்டியவை, வேத வழக்கில் 'ஆ' ஈற்றோடு நிற்கின்றன. ஆகவே பறவைகள் இரண்டு என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை.

மத்வர், உண்ணும் பறவை உயிர், பார்த்திருக்கும் பறவை இறை, இதைவிடத் தெளிவாக வேறுபாட்டைச் சொல்ல முடியாது என்றார். சங்கரர் முண்டக உரையில் உயிரும் ஈசுவரனும் என்றே கொண்டு, அந்த இரண்டாந்தன்மை உபாதியால் வந்தது என்றார். ஆனால் பிரம்மசூத்திர உரையில், பைங்கி ரகசிய பிராமணம் என்ற நூலின் விளக்கத்தையும் அவர் எடுத்துக்காட்டுகிறார்: உண்ணும் பறவை அந்தக்கரணம் (மனம் முதலிய உட்கருவி), பார்த்திருக்கும் பறவை அதை அறியும் ஆன்மா. இந்த விளக்கப்படி இறைவன் அந்த மரத்தில் இரண்டாவது பறவையாக வந்து அமரவே இல்லை. உயிர்தான் தன் மனம் உண்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த மாணவி சற்று நேரம் யோசித்துவிட்டு, 'அப்படியென்றால் எந்த இரண்டு என்று மந்திரம் சொல்லவில்லை, அப்படித்தானே ஐயா' என்று கேட்டார். ஆம், சொல்லவில்லை.